இரண்டு பேட்டரியும் ஒரு கணக்குப் பரிட்சையும்

எங்கள் லாரியின் இடது பக்கத்தில் கதவு வெட்டி, ஏறுவதற்கு மூன்று இரும்புப் படி வைத்திருந்தார்கள். ஏறியதும் எதிரே பலகைக் கட்டில். கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட மரப்பெட்டி. அதற்குள் இரண்டு பேட்டரி. லாரிகளில் பேட்டரி வெளியே சேசிஸ் ஓரமாகத்தான் இருக்கும். ராத்திரியில் யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் அவற்றை உள்ளே கொண்டுவந்து என் தலைமாட்டுக்குக் கீழே வைத்துவிட்டார். ஐந்து சீசன் நான் அவற்றின் மேல்தான் படுத்தேன்.

லாரியின் பின்பாதியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மெஷின் இருந்தது. மல்லாட்டையின் தோட்டை உடைத்துப் பருப்பைத் தனியாகத் தள்ளும். அதற்கென்று ஒரு ஆயில் இன்ஜின். கைப்பிடி போட்டுச் சுற்றினால் அது ஓடும், பேட்டரி தேவையில்லை. முன்பாதி எங்கள் வீடு. அடுப்பு, அரிசி டப்பா, இரண்டு கொடிக்கயிறு, ஒரு கண்ணாடி. எண்பதுகளின் நடுவில் அறுவடை முடிந்ததும் விழுப்புரத்திலிருந்து கிளம்பி, முகையூர் பக்கம், திண்டிவனம் பக்கம் என்று ஊர் ஊராகப் போவோம். ஒரு களத்தில் நான்கு நாள் நிற்போம், சில களத்தில் பத்து நாள்கூட. களம் ஊருக்கு வெளியே காட்டில் இருக்கும். கரண்ட் கம்பம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்காது.

எங்கள் மூன்று வயதுப் பெண் குழந்தை திண்டிவனத்துக்குப் பக்கத்தில் என் அம்மா வீட்டில் இருந்தாள். மெஷின் தூசியில் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஒருமுறை போனபோது என்னைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் என் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நானும் சின்ன வயதில் புது ஆட்களைக் கண்டால் அப்படித்தான் ஒளிவேன். ஆனால் நான் அவளுக்குப் புது ஆள் இல்லையே.

அம்மாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாகப் போகிறது என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். அதற்குப் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். நான் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியபோது எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில் மட்டும் இருபத்தெட்டு. ஏழு மார்க் போதவில்லை. அந்த ஒரு பாடத்தைத் திரும்ப எழுதினால் போதும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பீடியைக் காதிலிருந்து எடுத்து, பற்றவைக்காமல் திரும்பக் காதிலேயே வைத்துக்கொண்டார். களத்தில் அவர் யோசிக்கிற விதம் அது.

"பீஸ் கட்டிட்டு வா" என்றார்.

பரிட்சை அக்டோபரில். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடம் சென்டர். அக்டோபர் என்றால் எங்களுக்கு மெஷின் நிற்காத மாதம். பகலெல்லாம் சல்லடை பிடிப்பேன், பருப்பைக் கோணியில் அள்ளுவேன், சமைப்பேன். பொழுது சாய்ந்த பிறகுதான் புத்தகம்.

விளக்கு என்பதுதான் பிரச்சினை. களத்தில் நெருப்பு கூடாது. அது எந்த ஊரிலும் மாறாத சட்டம். காய்ந்த மல்லாட்டைக் கொடி ஒரு பக்கம் போராக நிற்கும், தோடு மறுபக்கம் ஆள் உயரத்துக்குக் குவிந்திருக்கும், காற்றெல்லாம் அதன் தூசி. ஒரு பொறி போதும். நான் சோறாக்குவதே இருநூறு அடி தள்ளி வரப்போரத்தில்தான். சாயங்காலக் காற்று எழும்புவதற்குள் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். அரிக்கேன் விளக்கைப் பற்றவைத்தால் களத்துக்காரர் லாரியோடு எங்களையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவார். டார்ச் செல் நாலு நாளில் மஞ்சளாகிவிடும்.

அதனால் பேட்டரிதான். லாரியின் இரண்டு பேட்டரியும் சேர்ந்தால் இருபத்துநாலு வோல்ட். எங்களிடம் இருந்த பல்பு, பஸ்ஸில் டிரைவருக்கு வைக்கிற மாதிரி அந்த வருஷம் வாங்கிய சின்ன விசிறி, மெஷின் ஓட்டுகிற அண்ணனின் டேப் ரெக்கார்டர் மூன்றுமே பன்னிரண்டு வோல்ட். ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தால் பன்னிரண்டு கிடைக்குமே என்று விழுப்புரத்தில் ஒயரிங் செய்தவர் அப்படியே இழுத்துக் கொடுத்துவிட்டார். களம் களமாகப் போகிற மெஷின் லாரிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. யாரும் தப்பென்று நினைக்கவில்லை.

மெஷின் அண்ணன் எங்களுக்கு உறவில்லை. விக்கிரவாண்டிப் பக்கத்து ஆள். என்னைத் தங்கச்சி என்பார், கேலி செய்யும்போது டீச்சரம்மா என்பார். மெஷின் ஓடும்போதும் அவருக்குப் பாட்டு ஓட வேண்டும். மெஷின் சத்தத்தில் பாட்டு கேட்கவே கேட்காது.

"கேக்காத பாட்டுக்கு எதுக்கண்ணே பேட்டரி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம், தங்கச்சி. அது ஓடிக்கினு இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

அந்த சீசனில் முதல் களத்தில் ஐந்து நாள் நின்றோம். ஆறாம் நாள் காலை வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். லாரி ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. மறுபடி திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. களத்துக்காரர் டிராக்டர் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்துத்தான் கிளப்ப வேண்டியதாயிற்று. பருப்பு பொறுக்க வந்திருந்த பெண்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னா ஆச்சு?" என்று களத்துக்காரர் கேட்டார்.

"டீச்சரம்மா படிப்பு பேட்டரிய மொத்தமா குடிச்சிட்டுது" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நான் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூட ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சட்டைப் பையில் இருக்கிற பல்பைக் கேட்டு வாங்க எனக்கு வாய் வரவில்லை. விசிறி மட்டும் வழக்கம்போல் அவர் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் இருட்டில் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பரிட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. வாரம் ஒருமுறை மூடிகளைத் திருகி, தகடு மூழ்குகிற அளவு பேட்டரித் தண்ணீர் விடுவேன். இரண்டு பேட்டரியில் இடது பக்கத்தது எப்போதும் தண்ணீர் கேட்கும். வலது பக்கத்தது கேட்கவே கேட்காது. இடதுதான் சீக்காளி, வலது நல்ல திடம் என்று நினைத்து வைத்திருந்தேன். அதனால் இடதை அடிக்கடி திறந்து பார்ப்பேன், துடைப்பேன். வலதைக் கவனிக்கவே மாட்டேன்.

அடுத்த வாரம் திண்டிவனத்துக்குப் போகும் வழியில் பேட்டரி சார்ஜ் போடுகிற கடையில் நிறுத்தினோம். வீட்டுக்காரர் டயர் பார்க்கப் போய்விட்டார். கடைக்காரர் என் வயதுதான் இருப்பார். லுங்கி முழுக்க ஆசிட் பட்ட ஓட்டை. ரப்பர் பந்து வைத்த ஒரு கண்ணாடிக் குழாயை பேட்டரிக்குள் விட்டு உறிஞ்சினார். உள்ளே ஒரு சின்ன மிதவை மூன்று வர்ணத்தில் இருந்தது. பச்சை வரை மிதந்தால் சார்ஜ் நிறைய, வெள்ளை என்றால் பாதி, சிவப்பு என்றால் காலி. இடது பேட்டரி பச்சை. வலது பேட்டரியில் மிதவை சிவப்புக்கும் கீழே முழுகிக் கிடந்தது.

நான் சீக்காளி என்று நினைத்தது நன்றாக இருந்தது. திடம் என்று நினைத்தது செத்துக்கொண்டிருந்தது.

புது ஆண்களிடம் நானாகப் பேசினது அதுவரை குறைவு. புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"தண்ணி கேக்கறது இதுதானேங்க. அது எப்படிங்க காலியாச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுலேருந்து லைட்டுக்கு ஒயர் இழுத்துக்கீறீங்க?"

"வலது பக்கத்துலேருந்து."

"அதான். ஒரு வண்டில ரெண்டு மாடு பூட்டிக்கீறீங்க. பகல்ல ரெண்டும் இழுக்குது. ராத்திரி ஒண்ண மட்டும் தனியா அவுத்துக்கினு போய் ஏர் ஓட்டறீங்க. விடிஞ்சா ரெண்டுத்துக்கும் ஒரே அளவு தீவனம். உழைச்சதுக்கு அது பத்தல, பட்டினி. சும்மா நின்னதுக்கு அது அதிகம், செரிக்கல. செரிக்காததுதான் தண்ணியா குடிக்குது."

"அப்ப பல்பு எரிக்கக் கூடாதுங்களா?"

"யாரும்மா சொன்னது? மாத்தி மாத்தி எரிங்க. ஒரு நாளு இது, ஒரு நாளு அது. எவ்ளோ எரிக்கிறீங்கன்னு கணக்கு வெச்சிக்கோங்க, அவ்ளோதான்."

கணக்கு என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அங்கேயே இன்னொன்றும் கேட்டேன். இந்த பேட்டரி முழுதாக இருந்தால் எவ்வளவு தாங்கும்? அவர் பக்கவாட்டில் எழுதியிருந்த நூற்றிருபதைத் தட்டிக் காட்டினார். ஆம்பியர், மணி, வோல்ட், வாட் என்று ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது. விஞ்ஞானத்தில் நான் பாஸ். கிளம்பும்போது முனை கொஞ்சம் உடைந்த பழைய கண்ணாடிக் குழாய் ஒன்றை, "வெச்சிக்கோங்க, இதுல பார்த்தாலும் வர்ணம் தெரியும்" என்று கொடுத்தார்.

அன்றைக்கு சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எரித்த பல்பு காருக்குப் போடுகிற பிரேக் லைட் பல்பு. அதன் பித்தளையில் இருபத்தொரு வாட் என்று போட்டிருந்தது நினைவில் இருந்தது. விசிறியின் தகட்டில் முப்பது. டேப் ரெக்கார்டரின் முதுகில் பத்து. அவை ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் ஓடுகின்றன என்று எனக்குத் தெரியும். பெருக்கினேன். கூட்டினேன். நூற்றிருபதைப் பன்னிரண்டு வோல்ட்டால் பெருக்கி, அதோடு வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் பேட்டரி காலி என்று வந்தது. ஆறாம் நாள் காலையில்தானே எங்கள் லாரி கிளம்பவில்லை. இன்னும் இரண்டு முறை போட்டேன், அதே விடை. பள்ளிக்கூடத்தில் நான் போட்ட எந்தக் கணக்கும் அப்படி வெளியே வந்து உண்மையாக நின்றதில்லை.

நேரே சொல்ல என்னால் முடியவில்லை. மெஷினில் கோணிகளுக்கு நம்பர் போடுகிற சாக்பீஸை எடுத்து பேட்டரிப் பெட்டி மூடியில் பெரிதாக எழுதினேன்.

ஒரு நாளைக்கு:
விசிறி 7 மணி — 210
டேப் 6 மணி — 60
பல்பு 2 மணி — 42

காலையில் வீட்டுக்காரர் செருப்பைத் தேடிக் குனிந்தவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு படியில் நின்றேன்.

"இது யாரு போட்ட கணக்கு?"

"நாந்தான்."

"இருநூத்திப் பத்து விசிறியா?"

"ஆமாங்க."

"சரியாப் போட்டியா?"

"மூணு தபா போட்டேன்."

அவர் மறுபடி மேலிருந்து கீழே படித்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார்.

"இவ்ளோ கணக்கு தெரிஞ்சவ எப்படி கணக்குல பெயிலான?"

நான் குடத்தை இறக்கி வைத்தேன். அவர் சட்டைப் பையில் கை விட்டார். பல்பு இல்லை. வேறு சட்டையில் இருந்தது. போய் அதைத் தேடி எடுத்துக்கொண்டுவந்து ஹோல்டரில் போட்டார். ஆனால் நான் அதை மாற்றிவிட்டேன். கார் சைடு லைட்டுக்குப் போடுகிற ஐந்து வாட் பல்பு ஒன்று டப்பாவில் இருந்தது. வெளிச்சம் ஒரு புத்தகத்தின் அளவுதான் விழும். எனக்கு ஒரு புத்தகம்தானே.

அதற்குப் பிறகு லாரிக்கு ஒரு ஒழுங்கு வந்தது. ஒயரின் முனையில் கிளிப் வைத்தோம். ஒற்றைப்படைத் தேதிக்கு இடது பேட்டரி, இரட்டைப்படைக்கு வலது. மிதவை வெள்ளைக்குக் கீழே போனால் எதுவும் எரியக் கூடாது. விசிறியை அவராகவே நிறுத்தினார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கொசு வராமல் என் பழைய புடவையைத் திரையாகக் கட்டினார். டேப் ரெக்கார்டரைப் பற்றி அண்ணனிடம் யார் சொல்வது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் மூடியைப் படித்துவிட்டு அவரே வந்தார்.

"ஏந் தங்கச்சி, எம் பாட்டு உன் படிப்ப விட அதிகமா குடிக்குதா?"

"ஆமாண்ணே."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உம் பேர்ல பழி போட்டேனே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?"

"அன்னிக்கு எனக்கே தெரியாதண்ணே."

அவர் டேப்பை வைக்கோலில் சுற்றி கேபினில் வைத்துவிட்டார். மெஷின் ஓடும்போது வாயாலேயே பாடினார். அது கேசட்டை விட மோசமாக இருந்தது, ஆனால் சார்ஜ் எடுக்கவில்லை.

இன்ஜினைத் தினம் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் சார்ஜ் ஏறிவிடுமே என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றாமல் இல்லை. மெஷினின் ஆயில் இன்ஜினுக்குப் புகைக்குழாயை ஆள் உயரத்துக்கு மேலே நீட்டி வைத்திருந்தோம். லாரியின் சைலன்சரோ வயிற்றுக்கு அடியில், தோட்டுக் குவியலை ஒட்டி இருக்கும். அது பொறி கக்கும். களத்தைவிட்டுக் கிளம்புகிற நேரம் தவிர லாரி இன்ஜினைத் தொட எந்தக் களத்துக்காரரும் விடமாட்டார்.

பரிட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முகையூருக்கு அப்பால் ஒரு களத்துக்குப் போனோம். மெயின் ரோட்டிலிருந்து நாலு மைல் வண்டிப்பாதை, நடுவில் ஒரு ஓடை. பரிட்சைக்கு இரண்டு நாள் முன்னால் வேலை முடிந்துவிடும் என்று கணக்கு. முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. இரண்டு சாயங்காலம் தொடர்ந்து, இருட்டும் நேரத்தில் வானம் உடைந்த மாதிரி கொட்டியது. களத்துக்காரரின் ஒரு வருஷப் பாடு தார்ப்பாயின் கீழே நனைந்துகொண்டிருந்தது. மூட்டைகளைக் கொட்டகைக்கு மாற்ற வெளிச்சம் வேண்டும். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இன்ஜினை ஓட்டாமலே லாரியின் முன் விளக்கு இரண்டையும் போட்டுவிட்டார். இரண்டு சாயங்காலமும் மூன்று மூன்று மணி நேரம் எரிந்தன. நானும் மூட்டை தூக்கினேன். வேறென்ன செய்வது. விளக்கைப் போடாதீர்கள் என்று அந்த மனிதரிடம் சொல்ல முடியுமா.

பரிட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போனது. நடந்தும் போக முடியாது, லாரியும் போகாது. "காலையில வடிஞ்சிடும். எப்பவும் வடிஞ்சிடும்" என்றார் களத்துக்காரர். விடியற்காலையில் நடந்து போய் பஸ் பிடித்தால் விழுப்புரத்தில் மாறித் திண்டிவனம் சேரும்போது பத்தரை தாண்டிவிடும். பரிட்சை பத்து மணிக்கு. லாரி ஆறரைக்குள் கிளம்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அடுத்த பரிட்சை வரைக்கும் அந்த வேலை காத்திருக்காது.

வெளிச்சம் போவதற்கு முன்னால் குழாயை விட்டுப் பார்த்தேன். இடது பேட்டரி வெள்ளை. வலது, அந்தப் பட்டினி கிடந்தது, வெள்ளையும் சிவப்பும் சேருகிற கோட்டில் நின்றது. அது அப்போதிலிருந்தே முழுதாகத் தேறவில்லை.

எனக்கு ஒரு பாடம் பாக்கி இருந்தது. வட்டம், தொடுகோடு பற்றிய தேற்றங்கள். ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். வீட்டுக்காரர் கிளிப்பைக் கையில் எடுத்தார்.

"இன்னிக்குத் தேதி இன்னா? ஒத்தப்படையா?"

"ரெட்டப்படை, வலது பக்கம். வேணாங்க."

"ஒரு மணி நேரம்தானே புள்ள. அஞ்சு வாட்டு. உங் கணக்குப்படி அது ஒண்ணுமே இல்லியே."

உண்மைதான். கணக்குப்படி அது ஒன்றுமே இல்லை. ஆனால் நான் போட்ட சட்டம் வெள்ளைக்குக் கீழே போனால் எதுவும் எரியக் கூடாது என்பது. விசிறியை நிறுத்தச் சொன்னது அந்தச் சட்டம். பாட்டை நிறுத்தச் சொன்னது அந்தச் சட்டம். எனக்கு வேண்டும் என்றதும் அதை வளைத்தால் காலையில் லாரி கிளம்பாதபோது நான் யாரைப் பார்ப்பேன்?

"கோட்டு மேல நிக்குது. வேணாம்" என்றேன். கிளிப்பை வாங்கி இரண்டு பேட்டரியிலும் படாமல் ஆணியில் மாட்டினேன். இருட்டில் படுத்துக்கொண்டு தெரிந்த சூத்திரங்களை மட்டும் சொல்லிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலையில் ஓடை முழங்காலுக்கு இறங்கியிருந்தது. ஆறு மணிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு ஹால் டிக்கெட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். தரை சேறு. மெஷின் பாரத்தோடு லாரியைத் தள்ளுவது ஆகாத காரியம். களத்துக்காரரின் ஊரில் டிராக்டரும் இல்லை.

வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். ரொய்... ரொய்... ரொய் என்று மூன்று சுற்று சுற்றி அமுங்கியது. மறுபடி திருப்பினார். இரண்டு சுற்று. பருப்பு பொறுக்கும் பெண்கள் அதற்குள் வந்துவிட்டார்கள்.

"எங்க, இவ்ளோ ஜல்தியா?" என்றாள் ஒருத்தி.

"தங்கச்சிக்குப் பரிட்சை" என்றார் அண்ணன்.

"பொண்ணுக்கா?"

"பொண்ணுக்கு மூணு வயசு. இவளுக்குத்தான்."

"அடி ஆத்தா, புள்ள பெத்தவளுக்கு இன்னாடி பரிட்சை?"

வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. சாவியை மூன்றாவது முறை திருப்பப் போனார்.

"நிறுத்துங்க!" என்றேன்.

அது நான் கத்தியது. அவ்வளவு பேர் முன்னால் என் குரல் அப்படி வந்ததே இல்லை. அவர் கை சாவியிலேயே நின்றது.

"இப்ப திருப்புனா சுத்தமா போயிடும். பத்து நிமிஷம் சும்மா உடுங்க. அதுக்கு மூச்சு வரும்."

"மணி ஆவுதே."

"ஆவட்டும். பத்து நிமிஷம்."

பேட்டரி களைத்தால் கொஞ்ச நேரம் விட்டால் ஒரு முறைக்குத் தேறும். நாலு வாரமாகக் குழாயை விட்டு விட்டுப் பார்த்து நான் கற்றது அது. கடைக்காரர் சொன்னதில்லை. நான் ஏறி உள்ளே போனேன். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டினேன், துணியால் துடைத்தேன், கவ்வியை இறுக்கினேன். வெளியே யாரோ, "நடந்தாச்சும் போயிருக்கலாம்" என்றார்கள். "நீ சும்மா இரு" என்று முதலில் கேலி பேசியவளே அதட்டினாள். வீட்டுக்காரர் அண்ணனின் கைக்கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்பதாவது நிமிஷத்தில் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன், இன்னும் இல்லை என்று.

பத்து ஆனது. "இப்ப" என்றேன்.

ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவது பாதியில் நின்றுபோகிற மாதிரி இழுத்தது. பிறகு கருப்புப் புகை ஒன்று வந்து, லாரி முழுக்க உதறியது. பெண்கள் கத்தினார்கள். களத்துக்காரர் தோட்டுக் குவியலின் பக்கம் இரண்டு குடம் தண்ணீரோடு நின்றுகொண்டு, "போ, போ, எடுத்துக்கினு போ" என்று கையை வீசினார்.

பரிட்சை மண்டபத்துக்குப் பத்து மணிக்கு மூன்று நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். என் புடவையின் ஓரமெல்லாம் ஓடைச் சேறு. எனக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் சின்னப் பிள்ளைகள். கேள்வித்தாளில் தொடுகோடு தேற்றம் பத்து மார்க்குக்கு வந்திருந்தது. வட்டத்தை மட்டும் வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது சன்னலுக்கு வெளியே ஒரு இன்ஜின் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அது எந்த இன்ஜின் என்று தெரியும். கண்காணிப்புக்கு வந்த டீச்சர் சன்னலருகே போனார்.

"யாருப்பா அது? லாரிய ஆஃப் பண்ணு! பசங்க பரிட்சை எழுதறாங்க!"

சத்தம் கொஞ்சம் நகர்ந்து தெருக்கோடிக்குப் போனது. ஆனால் நிற்கவில்லை. கடைசி மணி அடிக்கிற வரைக்கும் நான் அதைக் கேட்டுக்கொண்டே எழுதினேன்.

வெளியே வந்தபோது வீட்டுக்காரர் பானெட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். லாரி அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டரை மணி நேரமாவா ஓடுது?"

"இது இன்னா களமா? யாரு கேக்கறது? ஒரு வாத்தியாரம்மாதான் கேட்டாங்க" என்றார். "நிறுத்திட்டு மறுபடி கிளம்பலன்னா? நீ பாப்பாவப் பாக்கப் போவணுமே." பிறகு, "எப்படி எழுதன?" என்றார்.

"ஒரு தேற்றம் உட்டுட்டேன். மீதியெல்லாம் போட்டேன்."

எந்தத் தேற்றம், ஏன் விட்டேன் என்று அவருக்குத் தெரியும். நான் மூன்று படி ஏறி, மூடியைத் தூக்கி, குழாயை விட்டுப் பார்த்தேன். இடது பச்சை. வலது வெள்ளையைத் தாண்டியிருந்தது.

நாற்பத்தொரு மார்க் வந்தது. வேலை உடனே கிடைக்கவில்லை. நாலு முறை ஆபீசுக்கு நடந்தேன், அங்கேயும் வாய் திறந்து கேட்டேன். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது சத்துணவுக்கூடத்தின் சாவி என் கையில் இருந்தது. பாப்பா என் கூடவே வந்து உலையில் அரிசி போடுவதை எட்டி நின்று பார்ப்பாள்.

சீசன் வந்ததும் மெஷின் லாரி நான் இல்லாமல் கிளம்பியது. அதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார். மூடியில் சாக்பீஸ் எழுத்து எப்போதோ அழிந்துபோயிருந்தது.

"ஒத்தப்படத் தேதிக்கு எந்தப் பக்கம்?"

"இடது."

"எழுதி வெச்சிடு. மெஷின் ஓட்டற ஆளு நான் சொன்னா நம்பமாட்டான், உன் எழுத்துன்னா கேப்பான்."

நம்பர் பிளேட் எழுத வாங்கி மீந்த வெள்ளை பெயின்ட் இருந்தது. பாப்பா டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அழியாதபடி எழுதிக் கொடுத்தேன்.